கோடைச் சந்திப்பு: பிள்ளைகளிடம் தீப்பெட்டி ஆபீஸ் பற்றிப் பேசலாமா?

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வட்டாரத்துச் சிறுவர் சிறுமியர் தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போன காலத்தைக் கோடைச் சந்திப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தேன். "பதிமூன்று வயதில் இந்தப் பாரத்தை ஏன் ஏற்ற வேண்டும், தாயி?" என்று நியூ ஜெர்சி சித்தப்பா கேட்டிருக்கிறார். அக்கறையான கேள்வி. நான் குடியிருக்கும் பாஸ்டனுக்குப் பக்கத்தில் நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன்.

1994 டிசம்பரில் குவின்சி நகரின் பிராட் மெடோஸ் நடுநிலைப் பள்ளிக்குப் பாகிஸ்தானிலிருந்து இக்பால் மஸீஹ் என்ற சிறுவன் வந்தான். ரீபோக் காலணி நிறுவனத்தின் மனித உரிமை விருதைப் பெற பாஸ்டன் வந்திருந்தவன். வீட்டார் வாங்கிய 600 ரூபாய்க் கடனுக்காக நான்கு வயதிலேயே கம்பளத் தறியில் உட்கார வைக்கப்பட்டவன். எவ்வளவு உழைத்தும் கடன் அடையவில்லை. சாப்பாட்டுக்கும் நெசவில் நேர்ந்த பிழைக்கும் முதலாளி எழுதிய கணக்கில் அது வளர்ந்துகொண்டே போனது. கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு கூட்டத்தில் கேட்டறிந்த பிறகு, தறிக்குத் திரும்ப மறுத்துவிட்டான். பள்ளியில் சேர்ந்தான், மற்றப் பிள்ளைகளின் விடுதலைக்காகப் பேசத் தொடங்கினான்.

குவின்சியில் அவன் பேச்சைக் கேட்டவர்கள் ஏழாம் வகுப்பு மாணவர்கள். ஏறக்குறைய அவன் வயதுதான் அவர்களுக்கும். ஆனால் பட்டினியும் தறியும் சேர்ந்து அவன் வளர்த்தியைத் தடுத்திருந்தன. அந்த வித்தியாசத்தை எந்தப் பாடப்புத்தகம் அவர்களுக்குக் காட்டியிருக்கும்?

1995 ஏப்ரல் 16 அன்று, ஈஸ்டர் ஞாயிறு, இக்பால் தன் நாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டான். (கொலைக்கான காரணம் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.) அவன் நினைவாகப் பாகிஸ்தானில் ஒரு பள்ளி கட்டுவது என்று குவின்சிப் பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். அவன் விலைபோன அந்தக் கடன் தொகையை அவர்கள் 12 டாலர் என்று கணக்கிட்டார்கள். இறந்தபோது அவன் வயதும் 12. ஆகவே ஆளுக்கு 12 டாலர் கேட்டார்கள். மின்னஞ்சல் பலருக்கும் எட்டாத அந்நாளிலேயே பிற பள்ளிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். ஒரு லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. கசூர் நகரில் பள்ளி எழும்பியது.

சித்தப்பா, உண்டியலைக் கையில் கொடுத்து அந்தப் பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. பெரியவர்கள் உண்மையை மறைக்காமல், அதை அனுபவித்தவனையே பேச வைத்தார்கள். மற்றதைப் பிள்ளைகளே யோசித்தார்கள். நாமோ நம் பிள்ளைகளை மேடையில் ஆடவும், உதவித்தொகைக் காசோலையைப் பிடித்துப் படத்துக்கு நிற்கவும் மட்டுமே அழைக்கிறோம். எனக்கு இது நெடுநாள் வருத்தம்.

எனவே நான் பேசுவதாக இல்லை. விடியுமுன் ஊருக்குள் வந்த ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப் போய்த் தீக்குச்சிக் கட்டை அடுக்கிய அத்தைமார், சித்திமார், அண்ணன்மார் நம் குழுவிலேயே இருக்கிறார்கள். யாருக்குப் பேச மனம் இருக்கிறதோ, எனக்குத் தனிமடல் எழுதுங்கள். ஊரில் இருப்பவர்களைக் காணொளியில் இணைக்கவும் ஏற்பாடு செய்கிறேன். பேச்சு முடிந்ததும் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கே ஒதுக்கலாம். அந்த நேரத்தில் பெரியவர்கள் யாரும் குறுக்கிட வேண்டாம்.

அன்புடன்,
தெற்குத் தெரு வாத்தியார் மகள்