நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின்: மல்லிகை துளிர்த்துவிட்டது, பாதியில் நிற்கும் நாவலை என்ன செய்வது?

கேள்வி – கிணற்றடி

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு வடக்கே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். வீட்டின் பின்புறம் ஆறு குண்டுமல்லிச் செடிகளும், கிணற்றை ஒட்டி ஒரு முல்லைக் கொடியும் இருக்கின்றன. அவற்றை நட்டவர் என் அம்மா. அவர் படுக்கையில் விழுந்த பிறகு, நான்கு ஆண்டுகள் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியதைத் தவிர வேறு எதையும் நான் செய்யவில்லை. அதே நான்கு ஆண்டுகளில் ஒரு வரிகூட எழுதவும் இல்லை. அதற்கு முன்பு சிற்றிதழ்களில் என் சிறுகதைகள் பதினொன்று வெளிவந்திருந்தன. பூக்கட்டி விற்கும் ஒரு பெண்ணைப் பற்றிய நாவலில் 112 பக்கங்களை முடித்து வைத்திருந்தேன்.

அம்மா சென்ற ஆடியில் காலமானார். கார்த்திகை இரண்டாம் வாரத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்து, "இப்படியே விட்டால் இலைதான் மிஞ்சும், பூவைப் பார்க்க மாட்டாய்" என்று சொல்லி, தரையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று மேலே விட்டு ஆறு மல்லிச் செடிகளையும் வெட்டச் செய்தார். வெட்டிய அன்று மொட்டைக் குச்சிகளாக நின்ற கொல்லையைப் பார்க்க மனம் தாளவில்லை. அதனால் முல்லையின் மேல் கை வைக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இப்போது பங்குனி பிறந்திருக்கிறது. வெட்டிய குச்சிகளில் வெளிர்பச்சைத் துளிர்கள் அடர்ந்து, நுனிகளில் அரும்பு கட்டியிருக்கிறது. வாசலில் மாசி முழுவதும் இலை கொட்டிய புங்கமரம் மீண்டும் தளதளவென்று நிற்கிறது.

அதைப் பார்த்த உந்துதலில்தான் எழுதும் மேசைக்குத் திரும்பினேன். பன்னிரண்டு நாட்களாக விடியற்காலையில் அமர்கிறேன். நாவலின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு அடுத்த வாக்கியத்தை எழுதினால், அது வேறு யாரோ எழுதியதைப் போல இருக்கிறது. அடித்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

எனக்கு இரண்டு கேள்விகள். வெட்டாமல் விட்ட முல்லையை இப்போது வெட்டலாமா? அந்த 112 பக்கங்களைத் தொடர்வதா, அல்லது ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா? இரண்டாவது கேள்விக்கு இது இடமில்லை என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனத்தில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன.

பதில் – நிலக்கோட்டைப் பூங்காடு

சகோதரிக்கு வணக்கம். தாயாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல்.

முல்லையை இப்போது வெட்டாதீர்கள். மல்லிகை இனத்தின் மூன்று வகைக்கும் மூன்று காலம் உண்டு: குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்திலும், பிச்சியை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் கவாத்து செய்வதே, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதே, முறை. மல்லிக்குத் தரையிலிருந்து 50 செ.மீ., மற்ற இரண்டுக்கும் 45 செ.மீ. விட்டு வெட்டுவார்கள். அந்தப் பெரியவர் மல்லிக்குச் சரியான வாரத்தில், சரியான உயரத்தில் வெட்டச் செய்திருக்கிறார். முல்லையை இந்தப் பருவத்தில் முழுதாக வெட்டினால், வரவிருக்கும் பூவை நீங்களே வெட்டியதாகிவிடும். காய்ந்த குச்சிகளையும், உள்ளே நெருக்கிக்கொண்டு கிடக்கும் நோஞ்சான் கிளைகளையும் மட்டும் எடுத்துவிட்டு, அடுத்த தை வரை பொறுத்திருங்கள்.

எது காய்ந்தது, எது உறங்குகிறது என்பது பார்வைக்குத் தெரியாது. கட்டைவிரல் நகத்தால் பட்டையை இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, பொரபொரவென்று உதிர்ந்தால் அந்த இடத்திலிருந்து கீழே இறங்கி இறங்கிக் கீறிக்கொண்டே வந்து, பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கணுவை ஒட்டி வெட்டுங்கள்.

மல்லிக்கு இனி உணவு வேண்டும். கவாத்தின்போதே செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை என்றால், தூரிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாகக் குழி பறித்து இப்போதாவது வையுங்கள். அரும்பு கட்டும் நேரத்தில் செடியைக் காயவிடக் கூடாது. அதற்காகத் தூரில் நீர் தேங்கவும் விடக் கூடாது. துளிர் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் அது இரும்புச் சத்துக் குறைபாடு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, மஞ்சள் மறையும்வரை மாதம் ஒருமுறை தெளிக்கலாம். வெயில் ஏறும்போது சிவப்புச் சிலந்தி வரும். இலையின் அடிப்புறத்தை அடிக்கடி புரட்டிப் பாருங்கள்.

நாவலைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் மல்லிகை பழைய குச்சியில் பூப்பதில்லை, அதில் கிளம்பும் புதுத் துளிரில்தான் பூக்கிறது என்பதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்.

பதில் – மாடத்து விளக்கு

அன்புள்ள கிணற்றடிக்கு. நானும் ஒன்பது ஆண்டுகள் எழுதாமல் இருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

மேலே ஐயா சொன்னதைப் படித்தவர்கள், பழைய பக்கங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லக்கூடும். நான் அப்படிச் செய்து, பிறகு வருந்தினேன். வீட்டை மாற்றும்போது ஒரு பெட்டி நிறைய இருந்த கைப்பிரதிகளைப் பழைய காகிதக்காரருக்குப் போட்டேன். அவற்றில் இருந்த ஓர் ஊரின் பேச்சு வழக்கை இன்று எவ்வளவு முயன்றாலும் என்னால் திரும்பக் கேட்க முடியவில்லை. உங்கள் பெரியவர் ஒரு முழத்துக்கு மேலே வெட்டச் சொன்னாரே தவிர, தூரோடு பிடுங்கச் சொல்லவில்லை. துளிருக்குத் தேவையான வேர் முழுவதும் அந்தப் பழைய செடியில்தான் இருந்தது.

நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் இடம் கடைசிப் பத்தி என்றே எனக்குத் தோன்றுகிறது. அம்மா நலமாக இருந்த காலத்தில் அதை எழுதியவர், அடுத்த வாக்கியத்தைத் தன் மனத்தில் வைத்திருந்தார்; அது அவரோடு போய்விட்டது. இன்று அமர்ந்திருக்கும் நீங்கள் அவருடைய குரலைப் போலச் செய்ய முயல்கிறீர்கள், அதனால்தான் அது அந்நியமாக ஒலிக்கிறது. கடைசிப் பத்தியை விட்டுவிடுங்கள். துளிர் கணுவிலிருந்துதான் கிளம்புகிறது என்றால், உங்கள் 112 பக்கங்களிலும் கணுக்கள் இருக்கும்.

ஐயா சொன்ன நகக் கீறலைத் தாளின் மேலும் செய்து பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வீதம் வாய்விட்டுப் படியுங்கள், திருத்தாதீர்கள். எந்த இடத்தில் குரல் தானாகவே நிதானிக்கிறதோ, எங்கே "இந்தப் பெண் அப்போது என்ன நினைத்தாள்" என்று கேட்கத் தோன்றுகிறதோ, அங்கே ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு போடுங்கள். பிறகு கோடு போட்ட பக்கங்களை மட்டும் புதிய நோட்டில் கைப்படப் படியெடுங்கள். படியெடுக்கும்போது கை எங்காவது மூலத்தை விட்டு விலகி வேறு சொல்லை எழுதும். அந்த விலகலைத் தடுக்காதீர்கள், இன்றைய குரல் அங்கேதான் தலைகாட்டும்.

பதில் – பழைய இதழ் வாசகன்

மாடத்து விளக்கு அவர்களின் யோசனையோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 1930களில், 'மணிக்கொடி' இதழின் காலத்தில், புதுக்கவிதை எழுதிய ந. பிச்சமூர்த்தி, பின்னர் நெடுங்காலம் கவிதையை விட்டிருந்தார். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியதும் அவருடைய கவிதைகள் அதில் வரத் தொடங்கின. அடுத்த தலைமுறையின் புதுக்கவிதை அந்த இதழை ஒட்டியே வளர்ந்தது. அவருக்குள் என்ன நிகழ்ந்தது என்பதை நாம் ஊகிக்க வேண்டாம். ஆனால் கவிதையை வாங்கிக்கொள்ள ஓர் இடம் அங்கே உருவாகியிருந்தது என்பது கண்கூடு.

விடியற்காலையில் தனியாக அமர்ந்து, எழுதி, தனியாகவே அடித்துவிடுகிறீர்கள். அந்தத் தாளை அடுத்த வாரம் யாராவது ஒருவர் எதிர்பார்த்திருந்தால் அவ்வளவு எளிதாக அடிக்க மாட்டீர்கள். முன்பு உங்கள் கதையை வெளியிட்ட இதழாசிரியர்களில் ஒருவருக்கோ, நம்பிக்கையான ஒரு தோழிக்கோ, வாரம் இரண்டு பக்கம் அனுப்புவதாகச் சொல்லிவிடுங்கள். கருத்துச் சொல்ல வேண்டாம், பெற்றுக்கொண்டால் போதும் என்றும் சொல்லுங்கள். தொடக்கத்தில் வரும் பாராட்டும் குறையும் இரண்டுமே இளந்துளிருக்கு ஆகாது.

கிணற்றடி

அனைவருக்கும் நன்றி. பதினைந்து நாட்கள் கழித்து வருகிறேன்.

முல்லையை நகத்தால் கீறிப் பார்த்ததில், செத்துவிட்டதாக நான் நினைத்திருந்த இரண்டு பெரிய கொடிகள் உள்ளே பச்சையாக இருந்தன. பச்சையாக இருக்கும் என்று நம்பிய ஒன்று அடிவரை காய்ந்திருந்தது. அதை மட்டும் எடுத்துவிட்டேன். மல்லிக்குத் தொழுவுரம் வைத்தாயிற்று. முந்தாநாள் விடியலில் முதல் முறையாக மொட்டுப் பறித்தேன். இரண்டு கை கொள்ளும் அளவு இருந்தது. அம்மாவைப் போல நெருக்கமாகக் கட்ட எனக்கு வராது என்பதால் உதிரியாகவே அவர் படத்தின் முன் வைத்தேன்.

நாவலில் பச்சைக் கோடு விழுந்தவை 31 பக்கங்கள். பெரும்பாலும் சந்தைக் காட்சிகள்தாம் தேறும் என்று எண்ணியிருந்தேன், அவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. தேறியவை அந்தப் பெண் இரவில் தனியே அமர்ந்து பூத்தொடுக்கும் இடங்கள். அவற்றைப் படியெடுத்துக்கொண்டிருந்தபோது பத்தொன்பதாம் பக்கத்தில் கை விலகியது. நாரை நனைத்து மடியில் போட்டுக்கொள்வாள் என்றுதான் மூலத்தில் இருந்தது; நான் அவள் விரல்களுக்கு ஒரு நடுக்கத்தைக் கொடுத்திருந்தேன். அது அம்மாவின் கடைசி ஆண்டில் நான் தினமும் பார்த்த நடுக்கம். அங்கிருந்து நான்கு பக்கங்கள் எழுதியிருக்கிறேன், ஒரு வரியையும் அடிக்கவில்லை. முதல் இரண்டு பக்கங்களைக் கல்லூரித் தோழிக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த இரண்டு பக்கங்கள் வெள்ளிக்கிழமை போகின்றன.

பூங்காடு ஐயாவிடம் இன்னும் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். ஆறு செடிகளில் கிழக்கோரம் இருப்பது மட்டும் துளிர்த்தும் அரும்பு கட்டவில்லை. அதன் மேல் மதிய வெயில் மறையும்படி முருங்கைக் கிளை ஒன்று சாய்ந்திருக்கிறது. கிளையைக் கழித்தால் போதுமா, அல்லது செடியை மழைக்காலத்தில் இடம் மாற்ற வேண்டுமா?