ஆர்டி-பிசிஆர் என்றால் எந்த ஆர்டி?

முதலாண்டு ஆய்வாளர்

வணக்கம். மூலக்கூறு உயிரியலில் ஆய்வு தொடங்கி நாலு மாதம் ஆகிறது. டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் எப்படி நடக்கிறது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. சூடாக்கி இழையைப் பிரிக்கிறோம், ப்ரைமர் என்ற குட்டி டிஎன்ஏ துண்டு ஒட்டுகிறது, டாக் நொதி நீட்டுகிறது, இதையே முப்பது நாற்பது சுற்று ஓட்டுகிறோம். பெயர்கள்தான் படுத்துகின்றன. ஒரு கட்டுரையில் ஆர்டி-பிசிஆர் செய்தோம் என்று எழுதி ஜெல் படம் போட்டிருக்கிறார்கள், இன்னொன்றில் அதே பெயரைச் சொல்லி வளைகோடும், ஒளிர்வு எந்தச் சுற்றில் தெரிகிறது என்று காட்டும் சிடி எண்களும் தருகிறார்கள், மூன்றாவதில் க்யூஆர்டி-பிசிஆர், நான்காவதில் ஆர்டி-க்யூபிசிஆர். நாலும் ஒன்றா, வேறு வேறா?

இதைக் கேட்கக் காரணம் உண்டு. போன வாரம் ஒரு ஜீன் எவ்வளவு வெளிப்படுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. "ஆர்டி-பிசிஆர் மிக்ஸ் ஃப்ரீசரில் இருக்கு, எடுத்துக்கோ" என்று சீனியர் ஒருவர் சொன்னார். பெட்டியில் ரியல்-டைம் பிசிஆர் என்று போட்டிருந்தது, அதுதான் இது என்று நினைத்து, பிரித்தெடுத்த ஆர்என்ஏவை நேரே அதில் ஊற்றி ஓட்டிவிட்டேன். மூன்று குழாயிலும் சிடி 34 வாக்கில் வந்தது. ஜீன் குறைவாக வெளிப்படுகிறது என்று நோட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். அப்புறம் வழிகாட்டி பார்த்துவிட்டு "சிடிஎன்ஏ எப்போது செய்தாய்?" என்று, அதாவது ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ செய்தது எப்போது என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை. ஆர்என்ஏவில் பாதி போய்விட்டது.

சிடிஎன்ஏவே செய்யாமல் 34 எப்படி வந்தது? சிடி, சிக்யூ, சிபி என்று மூன்று எழுதுகிறார்களே, அது ஒன்றா? யாராவது பொறுமையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய குழாய்

முதலில் அந்த 34. ஆர்என்ஏ பிரித்தெடுக்கும்போது கொஞ்சம் ஜீனோம் டிஎன்ஏவும் கூடவே வந்துவிடும். உங்கள் மிக்ஸில் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி இல்லை, அதனால் அது பெருக்கியது அனேகமாக அந்த ஒட்டிக்கொண்டு வந்த டிஎன்ஏவைத்தான். ப்ரைமர் இரண்டும் ஒரே எக்ஸானுக்குள் (ஜீனில், முதிர்ந்த ஆர்என்ஏவிலும் தங்கும் துண்டு) இருந்தால் இது இன்னும் சுலபமாக நடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் ஆர்என்ஏவை, டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்டுச் சுத்தம் செய்து, பாதியை அந்த மாற்றும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்த்தும் பாதியைச் சேர்க்காமலும் ஓட்டுங்கள். சேர்க்காத குழாயில் ஒன்றும் வரக் கூடாது. இந்தக் கன்ட்ரோல் இல்லாமல் வெளிப்பாடு பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள், நான் பார்த்த தவறான முடிவுகளில் பாதி இங்கேதான் முளைத்தன.

இப்போது பெயருக்கு வருவோம். ஆர்டி என்ற இரண்டு எழுத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனும் ரியல்-டைமும். யார் மூத்தவர் என்று பார்த்தால் சந்தேகமே இல்லை. ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ செய்யும் நொதியை டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டு சொன்னது 1970-இல். கேரி முல்லிஸுக்கு பிசிஆர் யோசனை வந்ததே 1983-இல்தான். அந்த நொதியைப் பிசிஆருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டபோது ஆர்டி-பிசிஆர் என்ற பெயர் வந்தது. வினை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒளிர்வைப் பார்த்து அளக்கலாம் என்று ஹிகுச்சி குழுவினர் எத்திடியம் புரோமைடையும் ஒரு கேமராவையும் வைத்துக் காட்டியது 1992, 93-இல். ரியல்-டைம் என்பது அதற்குப் பின் பரவிய பெயர். பின்னால் வந்தவருக்கு முன்னால் இருந்தவரின் சுருக்கத்தையே கொடுத்ததுதான் இத்தனை வம்புக்கும் காரணம்.

2009-இல் மிக்யூ என்ற வழிகாட்டு விதிகள் வெளிவந்தன, இந்தத் துறைக்காரர்கள் சேர்ந்து எழுதியவை. அதன்படி ஆர்டி என்றால் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன் மட்டும்தான். ஓடும்போதே அளப்பது க்யூபிசிஆர். ஆர்என்ஏவில் தொடங்கி ஓடும்போதே அளந்தால் ஆர்டி-க்யூபிசிஆர். ஆர்என்ஏவில் தொடங்கி முடிவில் ஜெல்லில் பேண்ட் பார்த்தால் வெறும் ஆர்டி-பிசிஆர், நீங்கள் பார்த்த முதல் கட்டுரை அதுதான். க்யூஆர்டி-பிசிஆர் என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆர்டி-க்யூபிசிஆரைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அங்கே நம்பாமல் செய்முறைப் பகுதியைத் திறந்து, குழாயில் ஊற்றியது ஆர்என்ஏவா டிஎன்ஏவா, அளந்தது நடுவிலா முடிவிலா என்று தேடிப் படியுங்கள். அந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பெயர் என்னவாக இருந்தாலும் கவலை இல்லை.

கொரோனா சமயத்தில் எல்லார் வாயிலும் புழங்கிய ஆர்டி-பிசிஆரில் இரண்டு ஆர்டியுமே பொருந்தும். வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ, அளந்தது ஓடும்போதே. அதனாலேயே தப்பாகப் புரிந்துகொண்டவர்களுக்கும் அது சரியாகவே தோன்றியது.

ஒளிர்வளைவு

மேலே சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. க்யூ என்றால் அளவு. நோய்க்கிருமி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சோதனையில் நாம் எதையும் எண்ணுவதில்லை, அளவு தெரிந்த மாதிரிகளை வைத்து ஸ்டாண்டர்ட் வளைவும் போடுவதில்லை. அதைப் போய் க்யூபிசிஆர் என்பதைவிட ரியல்-டைம் பிசிஆர் என்று முழுதாக எழுதுவதே நேர்மை. சுருக்கத்தில்தான் பிரச்சினை, முழுப் பெயரில் இல்லை.

சிடி, சிக்யூ, சிபி மூன்றும் நடைமுறையில் ஒன்றுதான், ஒளிர்வு ஒரு கோட்டைத் தாண்டித் தெளிவாகத் தெரியும் சுழற்சி எண். கருவி செய்த நிறுவனங்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தன, மிக்யூ அதைச் சிக்யூ என்று பொதுவாக்கியது. ஆனால் கணக்கிடும் முறை கருவிக்குக் கருவி மாறும், கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தும் எண் மாறும், அதனால் ஓர் ஆய்வகத்தின் 28-ஐ இன்னொன்றின் 28-உடன் ஒப்பிடாதீர்கள். இன்னொன்று, எண் குறைந்தால் பொருள் அதிகம். வினை முழுத் திறனுடன் ஓடினால் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு மடங்கு, ஏறத்தாழ 3.3 சுழற்சி வித்தியாசம் என்றால் பத்து மடங்கு. 34-க்கும் 24-க்கும் நடுவே ஆயிரம் மடங்கு இருக்கிறது, பார்வைக்குப் பத்துதான்.

டிஜிட்டல் பிசிஆர் என்று கேள்விப்பட்டால் கணினி சம்பந்தப்பட்டது என்று எண்ண வேண்டாம். மாதிரியை ஆயிரக்கணக்கான நுண்ணிய பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெருகியதா இல்லையா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆம், இல்லை, அவ்வளவே, அதனால் டிஜிட்டல். 1999-இல் வோகல்ஸ்டீனும் கின்ஸ்லரும் வைத்த பெயர். பின்னால் வந்த துளி முறைக்கு இன்னொரு டி சேர்ந்து அங்கேயும் தலைவலி.

லாம்ப் பிசிஆர் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. லாம்ப் டிஎன்ஏவைப் பெருக்கும் வேறொரு முறை, 60-65 டிகிரியில் ஒரே வெப்பநிலையில் நடப்பது, சூடாக்கிக் குளிர்விக்கும் சுற்றே கிடையாது, நொதியும் வேறு. அதிலும் ஆர்டி-லாம்ப் இருக்கிறது, அங்கே ஆர்டி என்றால் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன்தான். இதைப் பார்த்தால் பழைய குழாய் சொன்னதன் நியாயம் தெரியும்.

சொல்தேடி

நான் மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன், இங்கே இன்னொரு அடுக்குக் குழப்பம் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். நகலாக்கம் என்ற சொல்லைக் குளோனிங்குக்கும் எழுதுகிறார்கள், செல்லுக்குள் டிஎன்ஏ இரட்டிப்பதற்கும் எழுதுகிறார்கள், பிசிஆருக்கும் எழுதுகிறார்கள். மூன்றும் வேறு. படிக்கும் பிள்ளைக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

நான் பிசிஆருக்குப் பெருக்கம் என்றும், செல்லுக்குள் நடப்பதற்கு இரட்டிப்பாதல் என்றும், படியெடுத்தலை, டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ உருவாகும் டிரான்ஸ்கிரிப்ஷனுக்கு மட்டும் என்றும் ஒதுக்கிக்கொண்டேன். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன் தலைகீழ் படியெடுத்தல். "டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கினோம்" என்று அழகுக்காக எழுதினால் அங்கே ஆர்என்ஏ வந்து உட்கார்ந்துவிடும். பெருக்கத்திலும் ஒரு கண்ணி உண்டு. சில மார்பகப் புற்றுநோய்களில் ஹெர்2 ஜீன் பெருகியிருக்கிறது என்பார்கள், அது செல்லின் குரோமோசோமிலேயே நகல்கள் கூடிப்போனது, குழாயில் நாம் செய்ததல்ல. அதைச் சொல்லும்போது நான் "நகல் எண்ணிக்கை கூடியிருக்கிறது" என்றே எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் யாரும் திரும்ப வந்து கேட்பதில்லை.

நடைமுறைக்கு: ஆய்வேட்டில் முதல் முறை வரும்போது முழுப்பெயரை எழுதிவிட்டு அப்புறம் சுருக்கத்துக்குப் போங்கள். பெட்டிகளின் மேலும் மார்க்கரால் "ஆர்என்ஏ ஊற்றலாம்", "ஆர்என்ஏ ஊற்றக் கூடாது" என்று எழுதி வையுங்கள்.

முதலாண்டு ஆய்வாளர்

எல்லாருக்கும் நன்றி, முடிவோடு வரலாம் என்று நாலு நாள் காத்திருந்தேன். ப்ரைமர் இரண்டும் ஒரே எக்ஸானில்தான் இருக்கின்றன. டிஎன்ஏஸ் போடாத ஆர்என்ஏவை நொதி இல்லாமல் ஓட்டினால் மறுபடி 34. டிஎன்ஏஸ் போட்ட பிறகு நொதி இல்லாத குழாயில் நாற்பது சுழற்சி வரை எதுவும் எழவில்லை. அதே ஆர்என்ஏவில் சிடிஎன்ஏ செய்து போட்டதில் 24.

ஜீன் குறைவாக வெளிப்படுகிறது என்று எழுதியதை அடித்து, காரணத்தையும் தேதியையும் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். எக்ஸான் சந்திப்பின் மேல் உட்காரும்படி புது ப்ரைமர் வடிவமைக்கிறேன். ஃப்ரீசர் பெட்டிகளில் மார்க்கரால் எழுதியாயிற்று, சீனியரும் கூட நின்று எழுதினார்.