அமைச்சர் ஒரு கையெழுத்துப் போட்டால் கரண்ட் கட்டணம் குறையுமா?

செல்லூர்த்தறி:
கட்டணத்தை மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான் போடும், அரசு கை வைக்க முடியாதுன்னு ஆணையம் ஆணையம்னு ஏன் எல்லாரும் பம்முறீங்க? மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 108. பொதுநலக் கொள்கைன்னு அரசு எழுதிக் கொடுத்தா ஆணையம் கேட்டே ஆகணும். 108(2)ல அரசு முடிவே இறுதி. அமைச்சர் நினைச்சா விசைத்தறிக் கட்டணத்தை நாளைக்கே குறைக்கலாம். மனசில்ல, அம்புட்டுத்தான்.

வைகைக்கரை:
பாதியைப் படிச்சுட்டு வந்துட்டீங்களேண்ணே. எதுக்கு இறுதி? ‘இது பொதுநலக் கொள்கையா இல்லையா’ங்கிற கேள்விக்கு மட்டும். அது கொள்கைன்னே ஆனாலும் 108(1)ல இருக்கிற சொல் ‘கைடட்’, அதாவது அரசு சொல்றதை வழிகாட்டுதலா எடுத்துக்கணும். தொலைத்தொடர்பு ஆணையத்துக்கான டிராய் சட்டம் 25(2), பங்குச்சந்தை வாரியத்துக்கான செபி சட்டம் 16, ரெண்டுலயும் ‘பவுண்ட்’, அதாவது கட்டுப்படணும். ரெண்டும் 2003க்கு முந்துன சட்டங்கள். கட்டுப்படணும்னு எழுதத் தெரிஞ்ச நாடாளுமன்றத்துக்கு இங்க மட்டும் கை நடுங்குச்சா?

செல்லூர்த்தறி:
‘ஷால் பி கைடட்’. ஷால்னா கட்டாயம். முதல் வருச மாணவனுக்குத் தெரியும்.

வைகைக்கரை:
கட்டாயம் எதுக்கு? பரிசீலிக்கிறதுக்கு. மின்வாரியத்துக்கான பழைய 1948 மின்சார (வழங்கல்) சட்டம் 78ஏலயும் இதே ‘கைடட்’தான். ரியல் ஃபுட் ப்ராடக்ட்ஸ் வழக்கு, 1995, உச்ச நீதிமன்றம்: இத்தனை ரூபாய்னு அரசு குறிச்சுக் கொடுத்தா, வாரியத்துக்கு அது ஒப்பலைன்னா கட்டுப்பட வேண்டியதில்ல.

செல்லூர்த்தறி:
அதே தீர்ப்புல முந்தின வரியை ஏன் முழுங்குனீங்க? பம்புசெட்டுக்குக் குதிரைத்திறன் கணக்குல சலுகைக் கட்டணம்ங்கிறது கொள்கை, வாரியம் அதைப் பின்பத்தியே ஆகணும்னு இருக்கே. ‘மஸ்ட்’! சொத்துவரி விவாதத்துலயும் இப்படித்தான் வாலை மட்டும் காட்டுனீங்க.

வைகைக்கரை:
சொத்துவரியில தோத்தது யாருன்னு ஊருக்கே தெரியும். சலுகை கொடுங்கறது கொள்கை, எவ்வளவுங்கறது கட்டண நிர்ணயம். நீங்க கேட்டது ‘நாளைக்கே குறைக்கிறது’.

திருமங்கலத்துக் கணக்கு:
ரெண்டு பேரும் ஒத்தச் சொல்லுக்கு மல்லுக்கட்டுறீங்க. காசு யாரு கட்டுவா? பிரிவு 65. மானியம்னா அந்தத் தொகையை அரசு முன்கூட்டியே கட்டணும். கட்டலைன்னா உத்தரவு செல்லாது. ஆணையம் போட்ட கட்டணம், அது உத்தரவிட்ட தேதியிலருந்தே ஓடும். விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் இலவசம் கிடைக்கிறதும் மானியக் கணக்குலதான்.

வைகைக்கரை:
அதோட, எழுத்துல வரணும். தமுக்கம் மைதானத்துல மைக் பிடிச்சுச் சொன்னா அது 108 ஆகாது. அரசியலமைப்பு 166படி ஆளுநர் பேர்ல ஆணை வரணும். நம்மாளுக மேடைப்பேச்சை பிரேம் போட்டு மாட்டிட்டு, பில்லு வந்ததும் இங்கிட்டு வந்து கத்துறீக.

செல்லூர்த்தறி:
தறிக்காரனை நக்கல் பண்ணாம சட்டத்தைப் பேசுங்க தம்பி.

வைகைக்கரை:
அண்ணே, பேசுனேன். கட்டணம் போடுறது பிரிவு 64: மனு, ஆட்சேபணை, 120 நாளுக்குள்ள ஆணையத்தோட உத்தரவு. பிடிக்கலைன்னா பிரிவு 111, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 45 நாளுக்குள்ள. இதுல அமைச்சர் எந்தப் படியில நிக்கிறாரு?

திருமங்கலத்துக் கணக்கு:
65க்குப் பதில் ஒருத்தரும் சொல்லலை.

செல்லூர்த்தறி:
ஷால்னா ஷால்தான்.

வைகைக்கரை:
கைடட்னா கைடட்தான்ணே. டிராய் 25(2)ஐத் திரும்ப ஒருக்கா படிச்சுட்டு வாங்க.