ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ராம் தானாக இறங்குவது: பார்த்தவர்கள் எழுதுங்கள்

அம்பத்தூர்_ஃபிட்டர்

125 டன், நாலு தூண் ஹைட்ராலிக் பிரஸ். சிலிண்டர் போர் (உள் விட்டம்) 250 மி.மீ., ராட் (பிஸ்டன் தண்டு) 220, ஸ்ட்ரோக் (ராம் நகரும் தூரம்) 500. ராத்திரி ராமை (ராட் முனையில் தொங்கி, இறங்கி அழுத்தும் பாகம்) உச்சியில் நிறுத்திவிட்டுப் போனால் காலையில் 40 மி.மீ. கீழே நிற்கும். பார்த்த எல்லோரும் "பிஸ்டன் சீல் போச்சு" என்றார்கள். சிலிண்டரை இறக்கி, சீல் கிட் முழுக்க மாற்றி, ஏற்றியாச்சு. மறுநாள் காலையும் அதே 40.

காரணம் ராட் பக்க லைனில் இருக்கும் கவுன்டர்பேலன்ஸ் வால்வு, அதாவது ராம் தானாக விழாமல் ஆயிலைப் பிடித்து நிறுத்தும் வால்வு. கழற்றியபோது பாப்பெட் (வால்வை மூடும் துண்டு) உட்காரும் சீட்டில், தலைமுடி கனத்தில் ஒரு இரும்புச் சீவல் குறுக்கே படுத்திருந்தது. அந்தச் சீவல் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ராமும் மேல் டையும் (அச்சு) சேர்ந்து 2,500 கிலோ. அதைத் தாங்குவது ராடைச் சுற்றியுள்ள வளையத்தில் அடைபட்ட ஆயில். வளையப் பரப்பு 110 செ.மீ². ஆக ஆயில் 23 கிலோ/செ.மீ² அழுத்தத்தில் நிற்கிறது. வால்வை 30 பாரில் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு கிலோ/செ.மீ²) வைத்திருந்தார்கள், அது சரிதான். 40 மி.மீ. இறங்க 440 மி.லி. கசிந்தால் போதும். 12 மணி நேரத்துக்குப் பிரித்தால் நிமிடத்துக்கு 0.6 மி.லி., சுமார் 12 சொட்டு. 12 சொட்டுக்கு யாரும் சிலிண்டரைப் பிரிக்காதீர்கள். ராட் போர்ட்டில் (ராட் பக்க ஆயில் வாய்) ஒரு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பி மூடும் வால்வு) போட்டு மூடிப் பாருங்கள். ராம் நின்றால் கவுன்டர்பேலன்ஸ் வால்வு, அப்போதும் இறங்கினால் பிஸ்டன் சீல்.

கோவை_ஆயில்

அண்ணா, உங்கள் 40-லும் எல்லாம் கசிவு கிடையாது. ஹைட்ராலிக் ஆயில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.07% விரியும், ஆறினால் அதே அளவு சுருங்கும். ராம் உச்சியில் இருக்கும்போது வளையத்தில் 5.5 லிட்டர் ஆயில் இருக்கிறது. ஷிஃப்ட் முடியும்போது 55 டிகிரி, விடியற்காலையில் 30 டிகிரி. 25 டிகிரிக்கு 1.75%, அதாவது 96 மி.லி. அதை 110-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 9 மி.மீ. ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் ராம் 9 மி.மீ. இறங்கும்.

இந்த 9 மி.மீ.க்காகவே இரண்டு முறை சீல் மாற்றிய பிரஸ் ஒன்று உண்டு. சனிக்கிழமை ராத்திரி நிறுத்தி ஞாயிறு காலை அளந்தால் 9. தொடாமல் விட்டு திங்கள் காலை அளந்தாலும் 9. அந்த இரண்டாவது அளவை எடுத்த பிறகுதான் சீலைச் சந்தேகிப்பதை விட்டார்கள். கசிவு என்றால் இறக்கம் நிற்காது. ஆறுவதால் வரும் இறக்கம் ஆயில் ஆறியதும் நின்றுவிடும். ஒரே ஒரு அளவை வைத்து எதையும் கழற்ற வேண்டாம்.

ஓசூர்_மெயின்டனன்ஸ்

முதல் பதிவில் சொன்ன பால் வால்வைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். படிப்பவர்கள் யாரும் அதை அப்படியே செய்துவிடாதீர்கள்.

அதே பிரஸ்ஸை எடுத்துக்கொள்வோம். பிஸ்டனின் மேல் பரப்பு 491 செ.மீ², கீழே வளையம் 110. விகிதம் 4.4. ராட் பக்கம் மூடியிருக்கும்போது யாராவது மோட்டாரைப் போட்டு 'டவுன்' அழுத்தினால், மேலே 250 பார் ஏறும்போது கீழே அடைபட்ட ஆயிலில் 1,100 பார் ஏறும். மெயின் ரிலீஃப் வால்வுக்கு (அழுத்தம் மீறினால் திறந்துவிடும் வால்வு) இது தெரியவே தெரியாது, அது மேல் பக்க 250-ஐத்தான் பார்க்கிறது. இப்படி ஆன சிலிண்டரில் கிளாண்ட் (ராட் வெளிவரும் பக்க மூடி) போல்ட் ஆறு அறுந்து, ராட் சீல் உள்வெளியாகப் புரண்டு, ஆயில் மேற்கூரைத் தகட்டில் அடித்திருந்தது. கூரையில் இருந்த அந்தக் கறையின் அகலத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பால் வால்வே இல்லாமல் சோதிக்கலாம். ராமுக்கு அடியில் இரும்பு முட்டுக்கட்டை வையுங்கள், மேலே 20 மி.மீ. இடைவெளி போதும். மோட்டாரை நிறுத்தி ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் மெயின் ஸ்விட்ச்) பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கவுன்டர்பேலன்ஸ் வால்வின் வெளியேறும் பக்க பைப்பை மட்டும் கழற்றுங்கள், சிலிண்டர் பக்கத்தைத் தொடவே கூடாது. பைப்பில் நின்ற ஆயில் வடிந்த பிறகு, ஓட்டைக்கு அடியில் அளவு ஜாடி வைத்து சொட்டை எண்ணுங்கள். சொட்டு விழுந்தால் வால்வு. ஆயில் ஆறிய பிறகும் சொட்டே இல்லாமல் ராம் இறங்கினால் ஆயில் பிஸ்டனைத் தாண்டி மேலே போகிறது, சீல்தான்.

இன்னொன்று. ராட் போர்ட்டிலேயே, நடுவில் எந்த வால்வும் இல்லாமல், தனி ரிலீஃப் வால்வு இருக்க வேண்டும். ராம் மேலேற 40 பார் தேவை என்றால் அதை 70-ல் வைக்கலாம். பழைய பிரஸ்களில் பலவற்றில் இது கிடையாது. சர்க்யூட் படத்தைத் திறந்து பாருங்கள்.

அம்பத்தூர்_ஃபிட்டர்

ரிலீஃப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி சார். பால் வால்வு சோதனைக்கு மட்டும்தான், முடிந்ததும் கழற்றிவிட வேண்டியது.

ஓசூர்_மெயின்டனன்ஸ்

கழற்ற வேண்டியது கழற்றப்படாமல் மூன்றாவது ஷிஃப்டுக்குப் போகும் சார். கைப்பிடி பாதி மூடியிருப்பது அங்கே வருபவருக்குத் தெரியாது. அதனால்தான் சொட்டு எண்ணும் முறை.

டூல்ரூம்_ராணிப்பேட்டை

இறக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். உறுத்திக்கொண்டே இருப்பது ஒரு சத்தம். டீப் டிரா பிரஸ் (தகட்டை ஆழமான பாத்திர வடிவுக்கு இழுப்பது), அழுத்தி முடித்து ராம் திரும்பும் கணத்தில் 'டமார்'. டேங்க் மேல் உள்ள பைப் ஒரு விரல்கடை துள்ளும். சில மாதத்தில் ஃபிளாஞ்ச் (பைப் இணைப்புத் தட்டு) வெல்டிங் கீறல் விட்டது. திரும்ப வெல்டிங் அடித்தார்கள், அதே இடத்தில் திரும்பக் கீறல்.

ராம் வேகமாக இறங்குவது பம்பால் அல்ல, சொந்த எடையால். அப்போது மேல் டேங்கிலிருந்து ப்ரீஃபில் வால்வு வழியாக ஆயில் சிலிண்டரை நிரப்பும். டை தொட்டதும் அந்த வால்வு மூடிக்கொள்ளும், பம்ப் அழுத்தம் ஏற்றும். 250 பாரில் ஆயில் சுமார் 1.7% அமுங்குகிறது. 250 போரில் 400 மி.மீ. இறங்கிய சிலிண்டரில் 20 லிட்டர் ஆயில், ஆக 340 மி.லி. அமுங்கிக் கிடக்கிறது. தூண்களும் இழுபட்டு நிற்கின்றன. அந்த நிலையில் ப்ரீஃபில் வால்வை ஒரேயடியாகத் திறந்தால் அத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் டேங்குக்குப் பாயும். சத்தம் அதுதான்.

பைப்பைத் தடிமனாக்கிப் பயனில்லை. முதலில் சின்ன டீகம்ப்ரஷன் வால்வு, சிறிய ஆரிஃபிஸ் (துளை) வழியாக, அரை விநாடி போல அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகுதான் ப்ரீஃபில். டைமரை நம்புவதைவிட பிரஷர் ஸ்விட்ச் நல்லது: 20 பாருக்குக் கீழே வந்தால் மட்டும் திறக்கட்டும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும் காலை நேரத்தில் டைமர் ஏமாற்றும்.

பொள்ளாச்சி_பிளாக்

இங்கே தென்னை நார்க்கழிவுத் தூளை 5 கிலோ பிளாக்காக அடிக்கும் பிரஸ். 30 × 30 செ.மீ. அச்சு, பரப்பு 900 செ.மீ². 100 டன் கொடுத்தால் தூளின்மேல் 111 கிலோ/செ.மீ² விழும். பிளாக் வெளியே வரும்போது நேர்த்தியாக இருக்கும். மேசைக்கு வருவதற்குள் நடுவில் கிடைமட்டமாக ஒரு கோடு ஓடி, இரண்டு தட்டாகப் பிரியும். டன் போதவில்லை என்று பிரஷரை ஏற்றினார்கள், இன்னும் மோசமாகப் பிரிந்தது. தூளுக்குள் மாட்டிய காற்றும் கூடுதல் ஈரமும்தான் காரணம். ஈரத்தை 15 முதல் 18% வரைக்குள் கொண்டுவந்து, கடைசி 50 மி.மீ. இறக்கத்தை மெதுவாக்கி, முழு அழுத்தத்தில் சில விநாடி நிறுத்தியதும் கோடு போய்விட்டது. ராம் இறக்கம் இங்கேயும் உண்டு. ஆனால் ஆயில் கறுத்து வருவதுதான் பெரிய தொல்லை.

கோவை_ஆயில்

ஆயில் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பல பக்கெட் ஆயிலின் விலைக்கு வாங்கிய பம்பை ஒரு பக்கெட் ஆயில் கெடுத்த கதைகள்தான் அதிகம். பிளாஸ்டிக் வாளியில் திறந்து கிடந்த ஆயிலை அப்படியே டேங்கில் கொட்டிய காட்சி ஒன்று போதும். அன்றிரவே பம்ப் இரைச்சல் மாறிவிட்டது.

சீல் உடையாத பேரலில் வரும் புது ஆயிலும் சுத்தமானது அல்ல. 10 மைக்ரான் ஃபில்டர் வண்டி வழியாகத்தான் டேங்குக்குள் போக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு பெரும்பாலான பிரஸ்ஸில் கிரேடு 68 (ஆயிலின் கெட்டித்தன்மை எண்) ஓடும், கூலர் நன்றாக இருந்தால் 46 போதும். தயாரிப்பாளர் புத்தகம் சொன்னதே முதல் விதி. டேங்கில் 60 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் ஆயில் வார்னிஷ் ஆகி (பிசின் போலப் படிந்து), வால்வு ஸ்பூல் (உள்ளே நகரும் தண்டு) ஒட்டும், சீல் கெட்டிப்படும். பம்ப் இரைந்தால் உடனே பம்பைக் கழற்றாமல் டேங்கைப் பாருங்கள். நுரை இருந்தால் உறிஞ்சும் பைப்பில் எங்கோ காற்று நுழைகிறது. நுரை இல்லாமல் இரைந்தால் ஸ்ட்ரெயினர் (உறிஞ்சும் பைப்பின் வலை) அடைத்திருக்கிறது. ஆயில் மோர் நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது: சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் படபடவென்று வெடிக்கும், கூலர் டியூபைச் சோதியுங்கள்.

சீல் மாற்றும்போது உதட்டின் திசையைப் பாருங்கள், அழுத்தம் வரும் பக்கம்தான் திறந்திருக்க வேண்டும். ஜோசஃப் பிராமா 1795-ல் லண்டனில் காப்புரிமை எடுத்த பிரஸ்ஸிலேயே இதே தத்துவம்தான். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே செய்த தோல் கப், அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகும். திருப்பிப் போட்டால் ஏற ஏற வழிவிடும்.

கடைசியாக, ஹோஸில் மெல்லிய ஊசிக் கசிவு என்று தோன்றினால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். 7 பாரே தோலைத் துளைக்கப் போதும், இங்கே 250. அட்டையைப் பிடித்துப் பாருங்கள். பட்டுவிட்டால் விரலில் ஊசிக் குத்து போலத்தான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. அதை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது. உடனே கை அறுவை சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

ஓசூர்_மெயின்டனன்ஸ்

பொள்ளாச்சி அண்ணாவுக்கு: ஆயில் கறுக்கிறது என்றால் முதலில் டேங்க் மூடியில் உள்ள ப்ரீதரை (காற்று வடிகட்டி) கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் டேங்கில் ஆயில் மட்டம் ஏறி இறங்கும், அந்த அளவு காற்றை டேங்க் இழுத்து விடுகிறது. நார்த்தூள் பறக்கும் கொட்டகையில் சாதாரண வலை ப்ரீதர் நிற்காது. 10 மைக்ரான் ஸ்பின்-ஆன் (திருகி மாட்டும் ஃபில்டர்) போட்டு, அதைத் தூள் கொட்டும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் ஒரு மீட்டர் பைப் வைத்து உயர்த்திவிடுங்கள்.