சுரையில் பிஞ்சு நிற்கவே மாட்டேன் என்கிறது, கையால் மகரந்தம் வைத்தும்!

கேள்வி: மாடிக்கொடி

எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் பெரிய தொட்டிகளில் சுரை, பாகல், பூசணி மூன்றையும் பந்தலில் ஏற்றிவிட்டிருக்கிறேன். மூன்றுமே நன்றாக ஓடுகின்றன. சுரை இலையைப் பார்த்தால் முறம் மாதிரி அகலம். பாகலைப் பற்றிக் குறையே இல்லை, அது பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருக்கிறது. பூசணியில் ஒரே ஒரு காய் தங்கியது, அதுவும் ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சூம்பிப்போய் நிற்கிறது.

சுரைதான் படுத்துகிறது. பெண் பூ வருகிறது, அடியில் வெள்ளை ரோமத்தோடு சின்னப் பிஞ்சும் இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் பிஞ்சின் நுனி மஞ்சளாகி, சுருங்கி, தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. தேனீ வரவில்லை போலும் என்று நானே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ ஆரம்பித்தேன். காலையில் குழாயால் கொடி முழுக்கத் தண்ணீர் அடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் பூசணிக்கும் சுரைக்கும் சேர்த்தே இந்த வேலையை முடித்துவிடுவேன். ஒரு பலனும் இல்லை. வீட்டில் வேறு, “பூவுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிறான்” என்று கேலி.

சத்துக் குறைவா? தடவுகிற முறை தவறா? இன்னொன்று, பாகல் பக்கத்தில் இருந்தால் சுரை கசந்துபோகும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். அது உண்மையா? இந்தக் கொடியிலிருந்து விதை எடுத்துவைக்கவும் ஆசை.

பதில்: மண்புழு

பிஞ்சு வெம்பி விழுகிறது என்றால் கொடிக்குத் தெம்பு போதவில்லை, அவ்வளவுதான். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த நீரை வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். தொட்டியும் சின்னதாக இருக்கக்கூடாது, சுரைக்கு 20 லிட்டருக்குக் குறையாமல் மண் வேண்டும். தானாகச் சரியாகிவிடும்.

பதில்: பந்தல்காரர்

மண்புழு நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். தொட்டி விஷயத்தில் அவர் சொல்வது சரி. பிண்ணாக்கு மட்டும் இப்போது வேண்டாம். இலை முறம் அகலத்துக்கு இருக்கிறது என்று தம்பியே சொல்கிறார். தழைச்சத்து தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் ஊற்றினால் இன்னும் இலைதான் வரும். காய்க்கிற பருவத்தில் சாம்பல்சத்துதான் முக்கியம், கொஞ்சம் மரச்சாம்பல் தூவினால் போதும்.

உரம் எவ்வளவு போட்டாலும் மகரந்தம் சேராத பூ விதை பிடிக்காது. இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஜெர்மனியில் ருடால்ஃப் கேமராரியஸ் என்பவர் ஆமணக்கில் ஆண் மொட்டுகளை விரியுமுன் கிள்ளிவிட்டார். பெண் பூக்கள் இருந்தும் நல்ல விதை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. செடிகளுக்கும் ஆண், பெண் உண்டு என்று அவர் 1694-இல் எழுதியது இந்த மாதிரிச் சோதனைகளை வைத்துத்தான்.

சரி, உங்கள் சுரைக்கு வருவோம். நீங்கள் செய்வது சரியான வேலை, ஆனால் நேரம்தான் அந்தப் பூவுக்கு உரியது இல்லை. பூசணிப் பூ விடியும்போது விரிந்து முற்பகலிலேயே மூடிவிடும். பாகலும் வெள்ளரியும் காலைப் பூதான். சுரை அப்படியில்லை, பொழுது சாயும்போது விரிகிற பூ அது. புடலையும் அப்படித்தான், வரிப்பீர்க்கும் அப்படித்தான். (நுரைப்பீர்க்கு மட்டும் அந்தக் குடும்பத்தில் இருந்துகொண்டே காலையில் பூக்கும்.) பூ நிறத்தைப் பார்த்தாலே பாதி புரியும். சுரைக்கும் புடலைக்கும் வெள்ளை இதழ், இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்குத் தெரிய வேண்டுமே. பூசணிக்குப் பளீரென்ற மஞ்சள், அதற்குத் தேனீ. பீர்க்கு மஞ்சளாக இருந்துகொண்டு மாலையில் பூக்கிறது, அதை என்ன சொல்ல!

நீங்கள் காலையில் பார்க்கிற சுரைப் பூ முந்தின நாள் மாலை விரிந்து, ராத்திரி முழுக்கக் காத்திருந்து வாடத் தொடங்கியது. அதன்மேல் குழாயால் தண்ணீரும் அடிக்கிறீர்கள். நனைந்த மகரந்தம் நீரை உறிஞ்சி வெடித்துவிடும், அதை எடுத்துத் தடவி என்ன பயன்? தண்ணீரைத் தூரில் ஊற்றுங்கள், கொடியின் மேல் வேண்டாம்.

மாலையில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாடிக்குப் போங்கள். ஆண் பூவை நீளமான மெல்லிய காம்பை வைத்து அடையாளம் காணலாம். அதைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத் தண்டை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். விரலில் வெளிர் நிறத் தூள் ஒட்டினால் சரக்கு தயார். ஒட்டவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். பெண் பூவுக்குள் சூல்முடி மூன்று மடலாகப் பிரிந்து, பிசுபிசுவென்று இருக்கும். மூன்று மடலிலும் படும்படி மெதுவாக உருட்டித் தடவ வேண்டும். அழுத்தித் தேய்க்கக்கூடாது.

பூசணி ஒரு பக்கம் சூம்பியதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. ஒரு விதை உருவாக வேண்டுமென்றால் ஒரு மகரந்தத் தூள் முளைத்து, மெல்லிய குழாயாக உள்ளே இறங்கி, ஒரு சூலை, அதாவது விதையாகப் போகிற கருவை, அடைய வேண்டும். பூசணிக்குள் நூற்றுக்கணக்கில் விதை. ஒரு மடலில் மட்டும் தூள் பட்டால் அந்தப் பக்கத்து விதைகள் மட்டும் பிடிக்கும். வளர்கிற விதைதான் சுற்றியுள்ள சதையைப் பெருக்கச் சொல்லித் தூண்டுகிறது. நம்பிக்கை இல்லையென்றால் அந்தக் காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பெருத்த பக்கம் விதை கொழுத்து இருக்கும், சூம்பிய பக்கம் தாள் மாதிரித் தட்டையாக, உள்ளே பருப்பே இல்லாமல் கிடக்கும்.

கேலியைப் பொருட்படுத்தாதீர்கள். பேரீச்சைக்கு மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறான். வெனிலாவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் எளிய வழியை 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்தான். இன்றைக்கும் தோட்டங்களில் பூ பூவாக அப்படித்தான் செய்கிறார்கள்.

பதில்: மாடிக்கொடி

ஐயா, நேற்று மாலையே போய்ப் பார்த்தேன். காலையில் மூடிக்கிடந்த மொட்டுகள் இருட்டுகிற நேரத்தில் வெள்ளை வெளேரென்று விரிந்து நிற்கின்றன! இத்தனை நாள் அந்த நேரத்தில் நான் மாடிக்கே போனதில்லை.

ஆனால் இன்னொரு சிக்கல். ஆண் பூ கொத்துக் கொத்தாக இருக்கிறது, பெண் பூ எப்போதாவது ஒன்றுதான். ஆண் பூவைக் கொஞ்சம் கிள்ளிப்போட்டால் பெண் பூ கூடுமா? அப்புறம், விழுந்த பிஞ்சுகளில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். அது மஞ்சளாகவில்லை, பச்சையாகவே கோணிக்கொண்டு, நடுவில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளியோடு இருக்கிறது. புள்ளியில் பிசின் வடிந்து காய்ந்திருக்கிறது.

பதில்: பந்தல்காரர்

அந்தக் கோணல் பிஞ்சு வேறு கேஸ். பழ ஈயின் வேலை. பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும், புழு உள்ளிருந்தே தின்னும். பிளந்து பார்த்தால் வெள்ளைப் புழு நெளியும். மகரந்தம் கிடைக்காத பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கும், குத்து வாங்கிய பிஞ்சு குத்தின இடத்தில் கோணி அழுகும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விழுந்ததை உரக்குழியில் போடக்கூடாது, புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பையில் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள். நீங்கள் மகரந்தம் வைத்த பிஞ்சுகளுக்குப் பூ வாடினதும் ஒரு காகிதப் பையோ துணிப் பையோ மாட்டிவிட்டால் ஈ கிட்ட வராது. மருந்தைவிட இது மேல்.

ஆண் பூவைக் கிள்ளுவதால் பெண் பூ கூடாது. முதலில் ஆண் பூவாகவே வருவது இந்தக் குடும்பத்துக்கே வழக்கம், கொடி வயதுக்கு வந்த பிறகுதான் பெண் பூ. சுரையில் பெண் பூ பெரும்பாலும் பக்கக் கிளையில்தான் வரும். ஆகவே தாய்க்கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கவாட்டில் கிளை வெடிக்கும், அதில் பெண் மொட்டைப் பாருங்கள். கடும் வெயிலும் நீண்ட பகலும் ஆண் பூவைக் கூட்டும், பொழுது சுருங்கிக் குளுமை வந்தால் பெண் பூ கூடும். எத்திலீன் வாயுவைக் கொடுக்கும் மருந்தைத் தெளித்து வயல்காரர்கள் பெண் பூவைக் கூட்டுகிறார்கள், உண்மைதான். நாலு தொட்டிக்கு அதெல்லாம் எதற்கு?

இன்னொன்றும் உண்டு. கொடியில் ஏற்கெனவே ஒரு காய் பெருத்துக்கொண்டிருந்தால், அடுத்து வருகிற பிஞ்சுகளைக் கொடியே உதிர்த்துவிடும். மகரந்தம் சரியாகச் சேர்ந்திருந்தாலும் உதிர்க்கும். அதைத் தடுக்க முடியாது, காயை இளசிலேயே பறித்துக்கொண்டிருப்பதுதான் வழி.

பதில்: விதைப்பெட்டி

பந்தல்காரர் விட்ட இரண்டு கேள்விக்கு நான் சொல்கிறேன்.

பாகலால் சுரை கசக்காது. இரண்டும் வேறு வேறு இனம், ஒன்றின் மகரந்தம் மற்றதில் எடுபடாது. அப்படியே வேறு ரகச் சுரையின் மகரந்தம் பட்டிருந்தாலும் இந்தக் காயின் ருசி மாறாது. காயின் சதை முழுக்கத் தாய்க்கொடியின் உடம்பு, தகப்பன் வீட்டுச் சொத்து விதைக்குள் மட்டும்தான் போகும். அதை விதைத்து வளர்க்கும்போதுதான் கலப்பு வெளியே தெரியும்.

ஆனாலும் சுரை சில நேரம் கசக்கத்தான் செய்யும், அது குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள். காட்டு வகைகளில் இயல்பாக உண்டு, கலப்பில் திரும்பி வரும், வாட்டத்தில் நின்ற கொடியிலும் கூடும். வேகவைத்தாலும் போகாது. வெட்டின உடனே ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப்போட வேண்டியதுதான், யோசிக்கவே வேண்டாம். அதன் சாறு குடித்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு.

விதை எடுப்பதாக இருந்தால் முதலில் உங்கள் விதை வீரிய ஒட்டா (இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கியது), நாட்டு ரகமா என்று பாருங்கள். வீரிய ஒட்டு என்றால் அதன் விதை தாயைப் போல வராது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும். நாட்டு ரகம் என்றால், மாலையில் விரியப்போகிற ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டையும் மதியமே நூலால் நுனியில் கட்டிவிடுங்கள். மாலையில் அவிழ்த்துத் தடவிவிட்டு, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். காம்பில் ஒரு கலர் நூல் அடையாளம். அந்தக் காயைக் கொடியிலேயே முற்றவிட வேண்டும். ஓடு கட்டியாகி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும்.

பந்தல்காரர் சொன்னதை இங்கே மறக்காதீர்கள். விதைக்காய் தொங்கிக்கொண்டிருக்கும்வரை கொடி புதுக் காயில் அக்கறை காட்டாது. அதனால் வேண்டிய காயைப் பறித்து முடித்த பிறகு, கடைசிக் கட்டத்தில் ஒன்றை விதைக்கு விடுவதுதான் என் வழக்கம். “முதல் காய்தான் விதைக்கு” என்பவர்களும் உண்டு, தொட்டியில் அது கட்டுப்படியாகாது.

பதில்: மழைத்துளி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கோவைக் கொடியிலும் பூ பூத்துக் கொட்டுகிறது, காய் மட்டும் இல்லை. இதுவும் நேரப் பிரச்சினைதானா? பறவை போட்ட விதையில் தானாக முளைத்தது.

பதில்: பந்தல்காரர்

இல்லை. கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. விதையில் முளைத்தது எது என்று பூக்கும்வரை தெரியாது. பூவுக்கு அடியில் குட்டிக் காய் மாதிரி புடைப்பு இருக்கிறதா பாருங்கள். எந்தப் பூவிலும் இல்லையென்றால் அது ஆண் கொடி, காலத்துக்கும் காய்க்காது. காய்க்கிற கொடியிலிருந்து பென்சில் தடிமன் தண்டை மூன்று நாலு கணுவோடு வெட்டி வந்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். தண்டில் வருவது தாயின் அச்சு, பெண் என்றால் பெண்தான். இப்போதிருக்கும் ஆண் கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள், ஓரமாக ஒரு கிளை நிற்கட்டும். புதுக் கொடி பூக்கும்போது மகரந்தத்துக்கு அது வேண்டும்.