புதுப்பிப்பு: ஸ்ட்ராட்டா கூட்டத்தில் இணை உரிமையாளர்களின் பிராக்ஸி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஸ்ட்ராட்டாவில் (வீடு தனித்தனியாகவும் பொது இடங்கள் எல்லா உரிமையாளர்களுக்கும் சேர்த்தும் இருக்கும் குடியிருப்பில்) ஒரே வீட்டுக்கு இருவர் உரிமையாளர் என்றால் ஓட்டு ஒன்றுதான் என்று முன்பு எழுதியிருந்தேன். “ஒருவர் பிராக்ஸி (தன் சார்பில் இன்னொருவர் ஓட்டுப் போடும் அதிகாரம்) கொடுத்துவிட்டு, மற்றவர் நேரில் வந்து மாற்றிச் சொன்னால்?” என்று கேட்டிருந்தீர்கள்.

ஸ்ட்ராட்டா சொத்துச் சட்டம் 57ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: கருத்து வேறுபாடு இருப்பதாக வாக்கெடுப்புக்கு முன்போ நடக்கும்போதோ கூட்டத் தலைவருக்குத் தெரிவிக்கப்பட்டால், அந்தத் தீர்மானத்தில் அந்த ஓட்டை எண்ணக்கூடாது. பாதிப் பாதியாகப் பிரிக்கவும் முடியாது.

முக்கால் பங்கு ஓட்டு தேவைப்படும் தீர்மானத்தில் இது சின்ன விஷயமில்லை. கூரை வேலைக்கான தீர்மானம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதரவு 30, எதிர்ப்பு 10 என்றால் சரியாக 75%, நிறைவேறும். ஆதரவில் ஒன்று கழிந்தால் 39க்கு 29, அதாவது 74.4%. கூரை வேலை அப்படியே நின்றுவிடும்.

பிராக்ஸி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் (56ஆம் பிரிவு). எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். இருவருமே கையெழுத்திட்டு, எந்தத் தீர்மானத்துக்கு ஆம், எதற்கு இல்லை என்று எண் போட்டு எழுதிவிடுங்கள். வாசலில் ஓட்டு அட்டை தரும்போதே தகராறு தீர்ந்துவிடும். ஸ்ட்ராட்டா மேலாளரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் பிராக்ஸியாக இருக்க முடியாது.