செசான் மனைவியை ஏன் இப்படி உம்மென்று வரைந்தார்?

கேள்வி:
பிரெஞ்சு ஓவியர் பால் செசான் தன் மனைவி ஒர்தான்ஸ் ஃபிக்கேயை ஏறத்தாழ 29 எண்ணெய் ஓவியங்களில் வரைந்திருக்கிறார். நான் பார்த்தவரை ஒன்றிலும் அந்த அம்மா சிரிக்கவில்லை. இருவருக்கும் ஒத்துப்போகவில்லையா, இல்லை அவர் பாணியே அப்படியா?

மறுமொழி:
சிரிக்க விட்டால்தானே! ஓவிய வணிகர் வொலார் தன் உருவப்படத்துக்காகச் செசான் முன் 115 தடவை உட்கார்ந்தும் படம் முடியவில்லை, அசைந்தபோது ஆப்பிள் அசையுமா என்று செசான் சீறியதாக வொலாரே எழுதியிருக்கிறார். அப்படி உட்கார்ந்தால் யார் முகமும் உம்மென்றுதான் ஆகும்.

மறுமொழி:
முகபாவத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள். பாஸ்டனில் இருக்கும் சிவப்பு நாற்காலி ஓவியத்தில் (1877 வாக்கில்) கன்னத்திலேயே பச்சையும் நீலமும் திட்டுத் திட்டாக இருக்கும், கோடு போட்ட பாவாடைக்கும் பின்சுவர்த் தாளுக்கும் முகத்துக்குக் கொடுத்த அதே கவனம். என்னைக் கேட்டால் அவருடைய உருவப்படங்களில் இதுதான் உச்சம்.

மறுமொழி:
குடும்பக் கதையும் லேசானதில்லை. 1869-இல் பழக்கம், 1872-இல் மகன். ஆனால் வங்கி நடத்திய தன் அப்பா பணத்தை நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில் செசான் இருவரையும் வருடக்கணக்காக மறைத்தே வைத்திருந்தார், கல்யாணம் 1886-இல்தான். அதன் பிறகு பெரும்பாலும் தனித்தனி வாழ்க்கை. ஆனாலும் 1891 வாக்கில்கூட அவரைத்தான் உட்கார வைத்து வரைகிறார், வெறுப்பு என்றால் இது எப்படி நடக்கும்?

கேள்வி கேட்டவர்:
சரி, அந்த 1891 ஓவியம் எங்கே இருக்கிறது?

மறுமொழி:
நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். சிவப்பு உடை ஓவியம் ஒன்றும் அங்கேயே இருக்கிறது, அதில் நாற்காலி சாய்ந்து கிடப்பதைக் கவனியுங்கள்.